சில நூறு ஓட்டில் முடியும் தொகுதி: எண்ணிக்கை மேசையில் முகவர் என்ன பார்க்க வேண்டும்?

#1 தாமிரபரணி

சட்டமன்றத் தேர்தல் முடிவு என்றதும் நாம் எல்லோரும் கூட்டணிக் கணக்குக்குப் போய்விடுகிறோம். 2021-இல் திமுக அணி 159, அதிமுக அணி 75, அதோடு பேச்சு முடிந்தது. தொகுதி தொகுதியாக இறங்கிப் பார்த்தால்தான் வேறு படம் தெரிகிறது.

தி.நகரில் திமுகவின் ஜெ.கருணாநிதி 56,035, அதிமுகவின் சத்யா 55,898. வித்தியாசம் 137. மொடக்குறிச்சியில் பாஜகவின் சி.சரஸ்வதி 78,125, சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844. வித்தியாசம் 281. தென்காசியில் காங்கிரஸின் பழனி நாடார், அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை 370 ஓட்டில் ஜெயித்தார். மேட்டூர் 656, காட்பாடி 746, விருத்தாசலம் 862, நெய்வேலி 977.

2016 இதைவிட மோசம். ராதாபுரம் 49, காட்டுமன்னார்கோவில் 87 (தோற்றவர் திருமாவளவன்), கோவில்பட்டி 428. தென்காசியில் அப்போதும் இதே இருவர்தான். அந்த முறை பாண்டியன் 462-இல் ஜெயித்தார்.

2021-இல் மாநிலத்தில் 88,900-க்கு மேல் வாக்குச்சாவடி. சராசரி போட்டால் சாவடிக்கு 500 ஓட்டுதான் பதிவாகியிருக்கிறது. அதாவது தி.நகர், மொடக்குறிச்சி, தென்காசி மூன்றிலும் வெற்றி வித்தியாசம் ஒரே ஒரு சாவடியின் ஓட்டைவிடக் குறைவு. ஒரு கண்ட்ரோல் யூனிட் (ஓட்டு பதிவாகி நிற்கும் இயந்திரப் பகுதி), ஒரு கட்டு தபால் ஓட்டு, எது வேண்டுமானாலும் முடிவைத் திருப்பலாம்.

அப்படிப்பட்ட தொகுதியில் வேட்பாளரின் முகவராக உட்காருபவர் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எந்த நேரத்துக்குள் கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எந்தக் கட்சிக்காரர் படித்தாலும் பயன்பட வேண்டும்.

#2 பதினாலாம்மேசை

நல்ல இழை அண்ணாச்சி. முதலில் சொல்ல வேண்டியது 17சி, அதாவது சாவடியில் பதிவான ஓட்டின் கணக்குப் படிவம். எண்ணிக்கை நாளில் தேடினால் கிடைக்காது, வாக்குப்பதிவு நாள் சாயங்காலமே வாங்கிவிட வேண்டும்.

தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 49எஸ்: வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடி தலைமை அலுவலர் படிவம் 17சி முதல் பகுதியை நிரப்பி, அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் சான்றிட்ட நகல் தர வேண்டும். சலுகை கிடையாது, சட்டக் கடமை. ஆனால் ஏழு மணிக்குச் சாவடியில் உட்கார்ந்திருக்கும் முகவருக்குத்தான் அது கிடைக்கும். மதியமே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற பழக்கம் எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. அந்தக் கையெழுத்து முகவருக்கு எதிராகத்தான் பேசும்.

17சி-யில் பார்க்க வேண்டியவை:

கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட் (வாக்காளர் பொத்தான் அழுத்துவது), விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சிடுவது) மூன்றின் வரிசை எண்கள். ஒரு இலக்கம் மாறினாலும் எண்ணிக்கை மேசையில் சண்டை வரும்.

17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் எத்தனை பேர், அதில் ஓட்டுப் போடாமல் திரும்பியவர்கள் எத்தனை, அனுமதிக்கப்படாதவர்கள் எத்தனை. இவை போக மீதி, இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். இயந்திரத்தில் 'டோட்டல்' பொத்தானை உங்கள் கண் முன்னால் அழுத்தச் சொல்லி, அந்த எண்ணைத்தான் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டைப் பார்த்து எழுதிவிட்டு இயந்திரத்தைப் பார்க்காமல் விடுவதில்தான் பாதிப் பிழை.

கண்ட்ரோல் யூனிட்டில் ஒட்டும் பச்சைத் தாள் முத்திரையின் எண். இதைப் பலர் குறித்துக்கொள்வதே இல்லை.

#3 கொங்குமணி

17சி மொத்தமும் கண்ட்ரோல் யூனிட் மொத்தமும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இயந்திரத்தை என்ன செய்வார்கள்? செல்லாது என்று தூக்கிப் போடுவார்களா?

#4 பதினாலாம்மேசை

தூக்கிப் போட மாட்டார்கள் மணி. இரண்டு காரணத்தால்தான் பெரும்பாலும் வித்தியாசம் வரும்.

ஒன்று, மாதிரி வாக்குப்பதிவை அழிக்காமல் விட்டது. வாக்குப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுச் சோதிப்பார்கள். பிறகு 'க்ளோஸ்', 'ரிசல்ட்', 'க்ளியர்' மூன்றையும் வரிசையாக அழுத்தி அழிக்க வேண்டும். அவசரத்தில் 'க்ளியர்' விட்டுப்போனால் நிஜ ஓட்டோடு அந்த ஐம்பதும் சேர்ந்துகொள்ளும். ஆக, கூடுதலாகக் காட்டும் எண் ஐம்பதோ ஐம்பதை ஒட்டியோ இருந்தால் முதல் சந்தேகம் இதுதான்.

இரண்டு, 17சி-யில் எண்ணையே தப்பாக எழுதியது.

இரண்டிலும் இயந்திரத்தைத் தனியே எடுத்துத் தேர்தல் நடத்தும் அலுவலர் பொறுப்பில் வைத்துவிட்டு மற்றதை எண்ணி முடிப்பார்கள். முன்பெல்லாம் கடைசியில் முதல் இருவருக்கு இடையிலான வித்தியாசம், ஒதுக்கி வைத்த சாவடிகளின் மொத்த ஓட்டைவிட அதிகம் என்றால் அவற்றை எண்ணத் தேவையில்லை என்று இருந்தது. 2025-இல் ஆணையம் அதை மாற்றி, இப்படி ஒதுக்கிய எல்லாச் சாவடிகளின் விவிபேட் சீட்டுகளையும் எண்ணியாக வேண்டும் என்றது.

மொடக்குறிச்சி மாதிரி 281-இல் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு இயந்திரம் ஒதுக்கப்பட்டிருந்தாலும் அதன் சீட்டே முடிவைத் திருப்பிவிடலாம். அதனால் எந்தெந்தச் சாவடி ஒதுக்கப்பட்டது, ஒவ்வொன்றிலும் 17சி-படி எத்தனை ஓட்டு என்று தலைமை முகவரிடம் தனிப் பட்டியல் இருக்கட்டும்.

#5 புள்ளிக்கோலம்

மேசைக் கணக்கு தெரியாமல் உட்காருபவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேசை. முதல் சுற்றில் பட்டியலின் முதல் 14 சாவடி, அடுத்த சுற்றில் 15 முதல் 28 வரை, இப்படியே போகும். 200-வது சாவடி எப்போது வரும்? 14 சுற்றில் 196 முடிகிறது. ஆக 15-வது சுற்று, நான்காம் மேசை. 2021-இல் கொரோனாவுக்காகச் சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு வைத்ததால் 2016-இல் 66,000 போல இருந்த சாவடி இவ்வளவு பெருகியது. தொகுதிக்குச் சராசரி 380. பதினான்கு மேசை என்றால் 28 சுற்று.

இதில் ஒரு கண்ணி உண்டு. துணைச் சாவடிகளுக்கு 45, 45ஏ என்று எண் போடுவார்கள். அப்போது சாவடி எண்ணும் பட்டியலில் அதன் இடமும் ஒன்றாக இருக்காது. 45-க்குப் பிறகு எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகும். இப்படி பத்துத் துணைச் சாவடி வந்தால் மேசைக் கணக்கு மொத்தமாகப் பிசகும். சாவடி எண்ணை நம்பாமல் பட்டியல் வரிசையை நம்பி 17சி நகல்களை மேசைவாரியாக முன்தினமே பிரித்துக் கட்டி வைத்துவிடுங்கள். 14 கட்டு, ஒவ்வொன்றிலும் சுற்று வரிசை.

டிவியில் 'முன்னிலை', 'பின்னடைவு' என்று ஓடுவதற்குப் பின்னால் இருப்பதும் இந்த வரிசைதான். சாவடி எண் ஊர் ஊராகப் போகிறது. ஐந்தாவது சுற்றில் ஒருவர் மூவாயிரம் முன்னால் இருந்தால், எண்ணி முடித்த ஊர்கள் அவருக்குப் போட்டிருக்கின்றன என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மிச்சம் எந்த ஊர் என்று தெரியாமல் பட்டாசு வாங்குவதும் வேண்டாம், மேசையை விட்டு எழுந்து போவதும் வேண்டாம். காட்பாடியில் துரைமுருகன் பல சுற்றுகள் பின்தங்கியிருந்துதான் கடைசியில் 85,140-க்கு 84,394 என்று முந்தினார்.

#6 வடசென்னைத்தோழர்

எழுந்து போவதைப் பற்றிச் சொன்னது முக்கியம். தோற்கிறோம் என்று தெரிந்ததும் பத்தாவது சுற்றிலேயே ஹாலை விட்டுக் கிளம்பும் முகவர்களால்தான் கடைசிச் சுற்றுகள் ஒற்றைக் கண்ணோடு எண்ணப்படுகின்றன. எந்தச் சிறிய கட்சியாக இருந்தாலும் கடைசிச் சுற்று வரை ஆள் இருக்க வேண்டும்.

#7 ஓய்வுபெற்றதாசில்

மேசையில் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். முகவர் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். இயந்திரத்தைத் தொடக் கூடாது, ஆனால் பார்க்க உரிமை உண்டு.

ஸ்ட்ராங் ரூமிலிருந்து கண்ட்ரோல் யூனிட் வந்ததும் பெட்டியின் முத்திரை, பிறகு யூனிட்டின் வரிசை எண். உங்கள் கையில் உள்ள 17சி-யோடு ஒப்பிடுங்கள். வெளிப்புறத் தாள் பட்டை முத்திரை, சிறப்பு அட்டை, உள்ளே பச்சைத் தாள் முத்திரை. எண்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லலாம். முத்திரை கிழிந்திருந்தாலோ எண் மாறியிருந்தாலோ அந்த இடத்திலேயே, 'ரிசல்ட்' அழுத்துவதற்கு முன்பே, எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். எண்ணி முடித்துத் தோற்ற பிறகு சொன்னால் அதற்கு எடை குறைவு.

சுவிட்ச் போட்டதும் தேதி, நேரம், வாக்குப்பதிவு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வேட்பாளர் எண்ணிக்கை, மொத்த ஓட்டு எல்லாம் திரையில் வரும். மொத்தத்தை முதலில் குறியுங்கள். அது 17சி-யோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேட்பாளர் வாரி எண்ணுக்குப் போக வேண்டும். திரை சிறியது, எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், முப்பது வேட்பாளர் என்றால் இன்னும் நீளும். தவறவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள், மறுபடி 'ரிசல்ட்' அழுத்திக் காட்டலாம். அதனால் எதுவும் அழிந்துபோகாது.

முடிவில் எல்லா வேட்பாளரின் ஓட்டையும் நோட்டாவையும் கூட்டிப் பாருங்கள். திரையில் வந்த மொத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் எழுதியதில் பிழை. பிறகு 17சி இரண்டாம் பகுதியில் மேற்பார்வையாளர் எழுதுவதை உங்கள் தாளோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்து. 167-ஐ 176 என்று எழுதுவது, பக்கத்து வேட்பாளரின் வரியில் எழுதுவது, இரண்டும் களைப்பில் நடக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் அதிகம்.

ஒவ்வொரு சுற்றிலும் தேர்தல் ஆணையத்தின் பார்வையாளர் ஏதாவது இரண்டு இயந்திரத்தைத் தானே தேர்ந்தெடுத்து மறுபடி சரிபார்ப்பார். உங்களுக்குச் சந்தேகம் உள்ள மேசை இருந்தால் அந்த நேரத்தில் அவர் கவனத்துக்குக் கொண்டுபோகலாம்.

#8 கொங்குமணி

தாசில்தார் ஐயா, மேசையில் எழுதியது சரி. சுற்று மொத்தத்தில் தப்பு வந்தால்?

#9 ஓய்வுபெற்றதாசில்

நல்ல கேள்வி. 14 மேசைத் தாளும் தேர்தல் நடத்தும் அலுவலர் மேசைக்குப் போய்க் கணினியில் ஏறும். தட்டச்சுப் பிழை அங்கே வரும். அதனால்தான் மேசைக்கு ஒருவர் போக, அலுவலர் மேசைக்கு என்று தனியாக ஒரு முகவரை விதியே அனுமதிக்கிறது. உங்கள் ஆட்களில் கணக்கில் கெட்டிக்காரர் அங்கே இருக்கட்டும். மற்ற 14 பேரும் தங்கள் தாளின் ஒரு படியை அவருக்கு அனுப்ப வேண்டும். செல்போன் உள்ளே விட மாட்டார்கள், தாள்தான் வழி. அவர் கூட்டியதும் பலகையில் எழுதியதும் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த சுற்றுக்கு மனம் போக வேண்டும்.

#10 சட்டப்பார்வை

இப்போது தபால் ஓட்டு. ஐம்பது, நூறில் முடியும் தொகுதியில் வழக்கு பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

ராதாபுரம் 2016 இதற்குப் பாடப்புத்தகம். அதிமுகவின் ஐ.எஸ்.இன்பதுரை 69,590, திமுகவின் மு.அப்பாவு 69,541. 49 ஓட்டு. அப்பாவு தரப்பின் முக்கிய வாதம்: 203 தபால் ஓட்டுகளை நிராகரித்தது தவறு. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட உறுதிமொழிகள் அவை, அவர் சான்றளிக்கத் தகுதியற்றவர் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். 203 எங்கே, 49 எங்கே? அந்த ஒப்பீடுதான் வழக்கின் உயிர். 2019 அக்டோபர் 1-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். அக்டோபர் 4-இல் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. இங்கே மறு எண்ணிக்கை உத்தரவு வரவே மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

தென்காசி 2021-இலும் தபால் ஓட்டு நீதிமன்றம் போய், 2023 ஜூலையில் மறுபடி எண்ணினார்கள். பழனி நாடாரின் வெற்றி மாறவில்லை.

#11 ஆசிரியர்_தஞ்சை

தபால் ஓட்டு எப்படி வீணாகிறது என்பதை ஓட்டுப் போடுகிற அரசு ஊழியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உள்ளே மூன்று பொருள்: ஓட்டுச்சீட்டு, அதைப் போட 13பி என்ற சிறிய உறை, 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம். சீட்டை 13பி-க்குள் போட்டு ஒட்டி, 13ஏ-யை அதற்கு வெளியே வைத்து, இரண்டையும் 13சி என்ற பெரிய உறைக்குள் போட வேண்டும்.

எண்ணும்போது முதலில் பெரிய உறையைத் திறப்பார்கள். உள்ளே 13ஏ தனியாகக் கிடைக்க வேண்டும். அது இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, அதிலுள்ள சீட்டு எண்ணும் சிறிய உறையிலுள்ள எண்ணும் வேறு வேறு என்றால், சிறிய உறையைத் திறக்காமலேயே நிராகரிப்பு. உறுதிமொழியைத் தெரியாமல் சிறிய உறைக்குள் ஓட்டுச்சீட்டோடு சேர்த்து வைத்து ஒட்டிவிடுபவர்கள் நிறையப் பேர். அந்த ஓட்டு அங்கேயே போயிற்று.

இதைத் தாண்டினால்தான் சீட்டைப் பிரிப்பார்கள். யாருக்கும் குறி இல்லை, இருவருக்குக் குறி, போட்டவர் யாரென்று அடையாளம் காட்டும் எழுத்து, இவை செல்லாது. டிக் போட்டாலும் பெருக்கல் குறி போட்டாலும் யாருக்கு என்பது ஐயமில்லாமல் தெரிந்தால் செல்லும். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது ஓட்டைக் கொல்லும்.

2023-இல் விதியைத் திருத்திய பிறகு தேர்தல் பணியில் இருப்பவர் உதவி மையத்திலேயே சீட்டு வாங்கி, அங்கேயே போட்டு, அங்கேயே ஒப்படைக்க வேண்டும். சான்றொப்பத்துக்கு அதிகாரியும் அங்கேயே இருப்பதால் ராதாபுரம் மாதிரிச் சிக்கல் குறையும். ஆனால் 13ஏ-யை எந்த உறையில் வைப்பது என்பது இன்னும் போடுகிறவர் கையில்தான்.

#12 தாமிரபரணி

டீச்சர், மிக்க நன்றி. முகவர் அந்த மேசையில் என்ன செய்ய வேண்டும்?

#13 சட்டப்பார்வை

தபால் மேசைக்குத் தனி முகவர் போடுங்கள், இயந்திர மேசை ஆளையே நம்ப வேண்டாம். காலை 8 மணிக்குத் தபால் ஓட்டுத் தொடங்கி, அரை மணி கழித்து இயந்திரமும் தொடங்கிவிடும். இரண்டையும் ஒருவர் பார்க்க முடியாது.

நிராகரிப்பைக் காரணம் வாரியாகக் குறியுங்கள்: 13ஏ இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, எண் மாறியது, சீட்டில் பிழை. 'மொத்தம் 180 நிராகரிப்பு' என்ற ஒற்றை வரி நீதிமன்றத்தில் நிற்காது. '180-இல் 110 சான்றொப்பத்தின் பேரில், இன்ன மேசையில்' என்பது நிற்கும். எண்கள் உதாரணத்துக்கு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெற்றி வித்தியாசம், செல்லாதவை என்று நிராகரித்த தபால் ஓட்டின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் நிராகரித்தவை எல்லாவற்றையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் கட்டாய அறிவுறுத்தல் இது. நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும். நினைவூட்ட, நிராகரிப்பு எண் உங்களிடம் இருக்க வேண்டும்.

2025 செப்டம்பரில் ஆணையம் இன்னொரு மாற்றம் கொண்டுவந்தது. தபால் ஓட்டு எண்ணி முடித்த பிறகே இயந்திரத்தின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்பது பொது விதி. இயந்திரம் எல்லாம் முடிந்து, வித்தியாசம் என்னவென்று ஹாலுக்கே தெரிந்த பிறகு தபால் ஓட்டைச் செல்லும், செல்லாது என்று பிரித்துக்கொண்டிருப்பது எந்தத் தரப்புக்கும் நம்பிக்கை தராது. நல்ல மாற்றம்.

#14 கொங்குமணி

இவ்வளவு பாடு எதற்கு? எல்லா விவிபேட் சீட்டையும் எண்ணிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தொகுதிக்கு ஐந்து சாவடி மட்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

#15 சட்டப்பார்வை

மணி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. தொகுதிக்கு ஒரு சாவடியின் சீட்டை எண்ணுவது என்று இருந்ததை 2019 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றம்தான் ஐந்தாக்கியது. 2024 ஏப்ரல் 26-இல் முழுவதையும் எண்ணும் கோரிக்கையை நிராகரித்தது. அதே தீர்ப்பில் ஒரு கதவைத் திறந்தும் வைத்தது: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் முடிவு அறிவித்த 7 நாளுக்குள் எழுதிக் கேட்டால், சட்டமன்றத் தொகுதிக்கு 5% இயந்திரங்களின் நினைவகத்தைத் தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும். செலவு கேட்டவருடையது, முறைகேடு என்று தெரிந்தால் திருப்பிக் கிடைக்கும். ஏழு நாள் என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

#16 புள்ளிக்கோலம்

மணி அண்ணே, எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் எல்லாச் சாவடி எண்ணையும் வெள்ளை அட்டைகளில் எழுதிக் குலுக்குவார்கள். அட்டைகளைப் போடும்போது 380 சாவடி என்றால் 380 அட்டையும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். 45ஏ மாதிரி துணைச் சாவடிகளின் அட்டை விடுபடுவது எளிது.

சீட்டு எண்ணும்போது வரும் பிழைக்கும் காரணம் உண்டு. சுவிட்ச் போட்டதும் விவிபேட் தன்னைச் சோதித்துக்கொள்ள ஏழு சீட்டு அடிக்கும், அவை ஓட்டு இல்லை. மாதிரி வாக்குப்பதிவின் சீட்டுகளை எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு மூடியிருக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் அந்த ஐம்பதும் பெட்டிக்குள் நிஜ ஓட்டோடு கிடக்கும். சீட்டு எண்ணிக்கை கூடுதலாக வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் சரிபார்த்து மறுபடி எண்ணியும் இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் மாறினால், விதி 56டி-படி சீட்டுக் கணக்குதான் செல்லும்.

#17 கொங்குமணி

அப்போதும் முழுவதையும் எண்ண வேண்டும் என்பதுதான் என் கருத்து. 281 ஓட்டில் முடிந்த தொகுதியிலாவது அதைக் கட்டாயமாக்கலாம். ஆயிரத்துக்குக் கீழே வரும் தொகுதிகள் மாநிலத்தில் ஒரு கைப்பிடிதான், ஒரு நாள் கூடப் பிடிக்கட்டுமே.

#18 வடசென்னைத்தோழர்

வித்தியாசத்தை அளவுகோலாக வைப்பதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அது வரும் வரைக்கும் கையில் இருக்கிற விதியைப் பயன்படுத்துவோம்.

#19 நோக்கர்_மதுரை

எனக்கு ஒரு கேள்வி. மறு எண்ணிக்கை எப்போது கேட்க வேண்டும்? வெற்றிச் சான்றிதழ் கொடுப்பதற்கு முன்பு கேட்டால் போதுமா?

#20 சட்டப்பார்வை

போதாது. விதி 63-ஐ எல்லா முகவரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

எண்ணி முடித்ததும் ஒவ்வொருவரும் பெற்ற மொத்த ஓட்டை அலுவலர் அறிவிப்பார். அதன் பிறகு வேட்பாளர்களுக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்குள் வேட்பாளரோ, தலைமை முகவரோ, எண்ணும் முகவரோ எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. அலுவலர் முழுவதுமாக, பகுதியாக ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் எந்த மனுவையும் ஏற்க முடியாது. சான்றிதழ் அதற்கும் பிந்தியது.

மனுவில் 'முறைகேடு நடந்தது, மறுபடி எண்ணுங்கள்' என்று மட்டும் எழுதினால் குப்பைக்குத்தான் போகும். 'ஒன்பதாம் சுற்று, ஆறாம் மேசை, இந்தச் சாவடி, 17சி மொத்தம் 612, தாளில் எழுதியது 621' என்று எழுதுங்கள். நீதிமன்றங்களும் இதைத்தான் கேட்கின்றன. வாக்கின் இரகசியம் பெரிது, பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டுக்கு மறு எண்ணிக்கை தர மாட்டோம் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன நிலைப்பாடு. நிராகரித்தாலும் அந்த உத்தரவின் நகலை வாங்குங்கள். தேர்தல் வழக்குக்கு அதுதான் அஸ்திவாரம். வழக்குக்குக் கெடு முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள், உயர் நீதிமன்றத்தில்.

மனுவை முன்தினமே பாதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொகுதி, வேட்பாளர் பெயர், விதி 63 எல்லாம் நிரப்பி, சுற்று, மேசை, எண்களுக்கு மட்டும் இடம் விட்டு மூன்று படி. ஹாலில் உட்கார்ந்து தாள் தேடினால் அந்தச் சில நிமிடம் போய்விடும்.

#21 நோக்கர்_மதுரை

மிகத் தெளிவு. நோட்டாவின் ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகம் என்றால் ஏதாவது மனு போட முடியுமா? ஒவ்வொரு முறையும் இதைச் சொல்கிறார்கள்.

#22 புள்ளிக்கோலம்

முடியாது. நோட்டா எந்த வேட்பாளருக்கும் சேராது, முடிவையும் செல்லாததாக்காது. டெபாசிட் கணக்கில்கூட அது செல்லுபடியாகும் ஓட்டில் வராது. ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் 10,000 ரூபாய் போகும், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. அந்த ஆறில் ஒன்றை நோட்டாவைக் கழித்துவிட்டுப் போட வேண்டும்.

மூன்றாம் இடக்காரர் 'ஓட்டைப் பிரித்தார்' என்ற வாதத்தையும் எச்சரிக்கையோடு எடுங்கள். கோவை தெற்கு 2021-இல் வானதி சீனிவாசன் 53,209, கமல்ஹாசன் 51,481, காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. இதில் யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்? மூன்று தரப்பும் மற்ற இருவரைச் சொல்லலாம். மூன்று முனைப் போட்டியை இரண்டு முனையாக மடித்துக் கணக்குப் போடும்போது, மடித்தவரின் விருப்பம்தான் விடையாக வரும்.

#23 ஆசிரியர்_தஞ்சை

முடிவைப் படிப்பதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. 2021-இல் திமுகவுக்கு 133 என்று ஒரு இடத்தில் இருக்கும், 125 என்று இன்னொரு இடத்தில் இருக்கும். இரண்டும் சரி. மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1, ஆக எட்டுப் பேர் உதயசூரியனில் நின்று ஜெயித்தார்கள். ஆணையத்தின் பதிவேட்டில் அவர்கள் திமுக. வாக்குச் சதவீதம் ஒப்பிடும்போதும் இந்த எட்டை மறந்தால் கணக்குத் தடம் புரளும்.

#24 தாமிரபரணி

பழைய தேர்தலின் சாவடி வாரி ஓட்டு எங்கே கிடைக்கும்? 17சி தொலைந்துபோன தொகுதிகளுக்கு ஒப்பிட வேண்டும்.

#25 ஓய்வுபெற்றதாசில்

படிவம் 20. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக இருக்கும். பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், நேராக எக்செலில் ஏறாது, தட்டச்சுதான் செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியும் ஒரு சாவடி: வேட்பாளர் வாரி ஓட்டு, செல்லுபடியான மொத்தம், நோட்டா, மொத்தம், கடைசியில் ஆய்வுக்குரிய ஓட்டு. ஒருவர் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போனபின் உண்மையான வாக்காளர் சீட்டில் போட்டது அது, எண்ணிக்கையில் சேராது. தபால் ஓட்டு அடியில் தனி வரி. சாவடி வரிகளின் கூட்டலையும் அடியில் உள்ள மொத்தத்தையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

#26 நோக்கர்_மதுரை

கடைசியாக ஒன்று ஐயா. எண்ணும் முகவர் நியமனத்துக்குப் படிவம் எது, எப்போது கொடுக்க வேண்டும்?

#27 ஓய்வுபெற்றதாசில்

படிவம் 18, இரண்டு படி, ஒவ்வொருவரின் புகைப்படத்தோடு. எண்ணிக்கை நாளுக்கு மூன்று நாள் முன்னால் மாலை 5 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும். இயந்திர மேசை 14, அலுவலர் மேசை 1, அதோடு தபால் மேசைகள். தபால் மேசை எத்தனை என்பதை அலுவலகத்தில் கேட்டுவிட்டு நிரப்புங்கள், 500 சீட்டுக்கு ஒரு மேசை என்ற கணக்கில் போடுவார்கள், தொகுதிக்குத் தொகுதி மாறும். தபால் மேசைப் பெயர்களை விட்டுவிட்டுப் பட்டியல் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கிறார்கள். எண்ணிக்கை அன்று காலை வாசலில் நின்று சேர்க்கச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள்.